இடுப்பு மூட்டு மாற்றிய பிறகும் வலி தீரலையா? எது சாதாரணம், எது ஆபத்து, மீண்டு வருவது எப்படி?

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. தையல் பிரித்தாச்சு. வாக்கர் பிடித்து வாசல் வரை நடக்கவும் முடிகிறது. ஆனால் காயத்தின் ஓரத்தில் இன்னும் ஈரம் கசிகிறது. ராத்திரியில் வலி தூக்கத்தைக் கெடுக்கிறது. "ஆபரேஷன்னா வலிக்கத்தானே செய்யும், போகப் போகச் சரியாயிடும்" என்கிறார் வீட்டில் ஒருவர். "மெடிக்கல்ல ஒரு ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டுக்கோங்க" என்கிறார் இன்னொருவர்.

இரண்டுமே நல்ல மனசோடு சொல்லப்படும் ஆலோசனைகள்தான். ஆனால் இடுப்பு மூட்டு மாற்றியவர்களுக்குச் சரிசெய்யக்கூடிய ஒரு சிக்கல், இன்னொரு பெரிய ஆபரேஷனாக மாறுவது பல நேரங்களில் இந்த இடத்தில்தான். எந்த வலியைப் பொறுத்துக்கொள்ளலாம், எந்த வலியோடு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும்? சிக்கல் வந்துவிட்டால் அதிலிருந்து மீண்டு வருவது எப்படி இருக்கும்?

திருப்புட்குழி வீட்டில் என்ன வித்தியாசம்?

மூட்டு மாற்று சிகிச்சைக்கான கையேடுகள் பெரும்பாலும் சோபா, உயரமான கட்டில், வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கும் வீட்டை மனதில் வைத்து எழுதப்பட்டவை. காஞ்சிபுரத்துக்கு மேற்கே, சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் பாலுசெட்டிசத்திரத்தை ஒட்டி இருக்கும் திருப்புட்குழியை எடுத்துக்கொள்ளுங்கள். 108 திவ்ய தேசங்களில் ஒன்றான விஜயராகவப் பெருமாள் கோயில் இருக்கும் ஊர். ராவணனோடு போரிட்டு விழுந்த ஜடாயுவுக்கு ராமர் இறுதிக் கடன் செய்த இடம் என்பது தல வரலாறு. 'புள்' என்றால் பறவை. அதிலிருந்துதான் புட்குழி என்று பெயர் வந்ததாகச் சொல்வார்கள்.

காஞ்சிபுரத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் பட்டு நெசவு நடப்பது பல வீடுகளின் உள்ளேயேதான். தரையில் வெட்டிய குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து மிதியை மிதிக்கும் குழித்தறி. தார் சுற்றுவது தரையில் உட்கார்ந்து. சாப்பாடும் தரையில். படுக்கை பாயில். கோயிலுக்குப் போனால் விழுந்து கும்பிடுவது, பந்தியில் சம்மணம் போடுவது. இவை அத்தனையும் இடுப்பை 90 டிகிரிக்கு மேல் மடக்கும் வேலைகள். செயற்கை இடுப்பு மூட்டுக்கு, அதிலும் முதல் மூன்று மாதத்தில், ஆகாத வேலையும் இதுதான்.

அதனால் "டாக்டர் சொன்னதைச் செய்யுங்க" என்று ஒரு வரியில் முடித்துவிட முடியாது. டாக்டர் சொன்னதைச் செய்ய, வீட்டையே கொஞ்சம் மாற்ற வேண்டியிருக்கிறது.

உள்ளே என்ன வைத்திருக்கிறார்கள்?

இடுப்பு மூட்டு ஒரு கிண்ணமும் அதில் சுழலும் பந்தும் போன்றது. தேய்ந்துபோன பந்தை வெட்டி எடுத்துவிட்டு, தொடை எலும்பின் உள்ளே ஒரு உலோகத் தண்டைச் செருகி, அதன் மேல் உலோகம் அல்லது செராமிக் பந்தைப் பொருத்துவார்கள். இடுப்பெலும்பில் ஒரு கிண்ணம். அதன் உள்ளே பெரும்பாலும் ஒருவகை உறுதியான பிளாஸ்டிக் அடுக்கு. இன்றைய முறைக்கு அடித்தளம் போட்டவர் இங்கிலாந்தின் ஜான் சார்ன்லி. 1962-ல் ரைட்டிங்டன் மருத்துவமனையில் அவர் செய்த சிகிச்சைதான் தொடக்கம்.

இது நல்ல சிகிச்சை என்பதில் சந்தேகம் வேண்டாம். 2019-ல் 'லான்செட்' இதழில் வந்த ஆய்வு, இப்படிப் பொருத்திய மூட்டுகளில் சுமார் 10-ல் 6, 25 ஆண்டுகள் வரை தாங்குகின்றன என்று கணக்கிட்டது. நம் நாட்டில் தேய்மானத்துக்காக மட்டும் இதைச் செய்வதில்லை. ரத்த ஓட்டம் நின்று பந்துப் பகுதி எலும்பு செத்துப்போவதால் 30, 40 வயதிலேயே செய்துகொள்பவர்கள் நிறைய. ஸ்டீராய்டு மருந்தும் மதுவும் அதற்கு முக்கியக் காரணங்கள். வழுக்கி விழுந்து தொடை எலும்பின் கழுத்து உடைந்த முதியவர்கள் இன்னொரு பெரிய கூட்டம். இளைஞருக்கு அந்த மூட்டு நீண்ட காலம் உழைக்க வேண்டும். முதியவருக்கு எலும்பே பலவீனம். இரண்டு பேருக்கும் கவனம் கூடுதலாகத் தேவை.

எந்த வலி சாதாரணம்?

இதற்கு ஒரே கேள்வி போதும்: வலி வாரா வாரம் குறைகிறதா?

முதல் ஆறு வாரத்துக்கு வலி இருப்பது இயல்பு. அதிகம் நடந்த அன்று சாயங்காலம் கூடும், ஓய்வெடுத்தால் அடங்கும். கணுக்காலில் வீக்கம் இருக்கும். காலை உயர்த்தி வைத்தால் இறங்கும். தொடையில் நீலம் பாரித்திருப்பது மெல்ல மஞ்சளாகி மறையும். இதெல்லாம் சாதாரணம். ஒருநாள் கூடி ஒருநாள் குறைந்தாலும் மொத்தத்தில் இறங்குமுகமாக இருக்க வேண்டும்.

குறைந்துகொண்டே வந்த வலி திரும்ப ஏறினால் அது சாதாரணம் இல்லை. அசையாமல் படுத்திருக்கும்போதும் வலித்தால் சாதாரணம் இல்லை. ஒரு வாரம் கடந்தும் காயத்தில் கசிவு நிற்கவில்லை என்றால், அது வெறும் நீராகத் தெரிந்தாலும், காட்டியே ஆக வேண்டும். ஒரு நோட்டில் தினமும் வலிக்குப் பத்துக்கு எத்தனை மார்க், எவ்வளவு தூரம் நடந்தார், காய்ச்சல் இருந்ததா என்று மூன்று வரி எழுதி வைப்பது நல்லது. "எப்பவும் வலிக்குது டாக்டர்" என்று சொல்வதைவிட அந்த நோட்டு டாக்டருக்கு அதிகம் சொல்லும்.

மூட்டு நழுவினால்: இழுத்துவிடச் சொல்லாதீர்கள்

முதல் முறை மாற்றியவர்களில் நூற்றுக்கு ஒருவரிலிருந்து மூவர் வரை பந்து கிண்ணத்தை விட்டு நழுவுகிறது. பெரும்பாலும் முதல் மூன்று மாதத்துக்குள். குனிந்து செருப்பு எடுக்கும்போது, தாழ்வான ஸ்டூலில் இருந்து எழும்போது, இந்தியன் டாய்லெட்டில் உட்கார முயலும்போது நடக்கும். 'டக்' என்று ஒரு உணர்வு, தாங்க முடியாத வலி, கால் குட்டையாகி உள்பக்கமாகத் திரும்பிக் கிடக்கும். கால் ஊன்ற முடியாது.

நம் ஊரில் எலும்பு என்றதும் பலருக்கு முதலில் ஞாபகம் வருவது புத்தூர் கட்டு. அதன் மேல் இருக்கும் நம்பிக்கை பற்றிய விவாதம் இங்கே வேண்டாம். ஆனால் உள்ளே இருப்பது உலோகமும் பிளாஸ்டிக்கும். எக்ஸ்ரே பார்க்காமல், மயக்க மருந்து கொடுத்துத் தசையைத் தளர்த்தாமல் இழுத்தால் தொடை எலும்பு உடையலாம், காலுக்குப் போகும் பெரிய நரம்பு சேதமாகலாம். செய்ய வேண்டியது: ஆளை அப்படியே படுக்க வைத்து, கால் இருக்கும் நிலையிலேயே தலையணையை அண்டக் கொடுத்து 108-ஐ அழைப்பது. சாப்பிட எதுவும் கொடுக்க வேண்டாம். மயக்க மருந்து கொடுக்க வேண்டியிருக்கும்.

முதல் முறை நழுவினால் பெரும்பாலும் வெட்டாமலேயே உள்ளே தள்ளிவிடுவார்கள். பிறகு சில வாரம் பெல்ட் போன்ற ஒரு பிடிமானம். உடம்பு சீக்கிரம் தேறிவிடும், பயம்தான் தேறாது. மறுபடியும் நழுவிடுமோ என்று நடப்பதையே நிறுத்திவிடுவார்கள். நடக்காவிட்டால் இடுப்புத் தசை மெலியும். தசை மெலிந்தால் நழுவும் வாய்ப்பு கூடும். அந்தச் சுழலை உடைக்கப் பிசியோதெரபி அவசியம். திரும்பத் திரும்ப நழுவினால் கிண்ணத்தின் கோணம் சரியில்லையா என்று பார்த்து மறு ஆபரேஷன் செய்ய வேண்டி வரலாம்.

தொற்று: பொறுமையைச் சோதிக்கும் சிக்கல்

நூற்றுக்கு ஒருவர் அல்லது இருவருக்கு மூட்டுக்குள் கிருமித் தொற்று வருகிறது. எண்ணிக்கை குறைவுதான். ஆனால் மீள்வதற்கு அதிக காலம் கேட்பது இதுதான். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்கள், புகைபிடிப்பவர்கள், முடக்குவாதத்துக்கு மருந்து எடுப்பவர்களுக்கு ஆபத்து கூடுதல்.

தொற்று ஏன் இவ்வளவு பிடிவாதமானது? கிருமிகள் உலோகத்தின் மேல் ஒட்டிக்கொண்டு வழவழப்பான ஒரு படலத்தைக் கட்டிக்கொள்கின்றன. குளத்துப் படியில் பாசி பிடிப்பது மாதிரி. படலம் முதிர்ந்துவிட்டால் மாத்திரையோ ஊசியோ உள்ளே போய்ச் சேராது. அதனால்தான் நாள் முக்கியம். முதல் சில வாரங்களுக்குள் பிடித்துவிட்டால் மூட்டைத் திறந்து கழுவி, மாற்றக்கூடிய பாகங்களை மட்டும் மாற்றி, இம்ப்ளான்ட்டைக் காப்பாற்ற வாய்ப்பு உண்டு. தாமதமானால் பொருத்தியது முழுவதையும் எடுக்க வேண்டி வரும்.

மெடிக்கலில் ஆன்டிபயாடிக் வாங்கிப் போடுவது ஏன் ஆபத்து என்பதும் இங்கேதான். அரைகுறை மருந்து காய்ச்சலை அடக்கும், கசிவைக் குறைக்கும், கிருமியைக் கொல்லாது. பிறகு மூட்டிலிருந்து நீர் எடுத்துப் பரிசோதித்தால் எந்தக் கிருமி என்றே தெரியாமல் போகும். கிருமி தெரியாமல் சரியான மருந்தைத் தேர்ந்தெடுப்பது இருட்டில் நூல் கோர்ப்பது போல.

முழுவதையும் எடுக்க வேண்டி வந்தால், பல இடங்களில் இரண்டு கட்டமாகச் செய்வார்கள். முதலில் இம்ப்ளான்ட்டை எடுத்துவிட்டு, ஆன்டிபயாடிக் கலந்த எலும்பு சிமென்ட்டில் செய்த தற்காலிக மூட்டை வைப்பார்கள். 'ஸ்பேசர்' என்பது அதன் பெயர். சுமார் ஆறு வாரம் ஆன்டிபயாடிக். ரத்தப் பரிசோதனையில் சி.ஆர்.பி., ஈ.எஸ்.ஆர். அளவுகள் இறங்கி, தொற்று அடங்கியது என்று நம்பிக்கை வந்த பிறகே புது மூட்டு. நடுவில் உள்ள அந்த வாரங்கள்தான் கஷ்டம். முழு எடை ஊன்ற முடியாது, வேலைக்குப் போக முடியாது, செலவு மட்டும் நிற்காது. இந்தக் கட்டத்தில் மருந்தை நடுவில் நிறுத்துவதும், சிறுநீரக, கல்லீரல் பரிசோதனைகளைத் தவறவிடுவதும் அதுவரை பட்ட கஷ்டத்தை வீணாக்கிவிடும்.

ஒரு விஷயம் தெரிந்திருந்தால் வீண் பதற்றம் குறையும். எந்த ஆபரேஷனுக்குப் பிறகும் சி.ஆர்.பி. ஏறத்தான் செய்யும், இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போய், இரண்டு மூன்று வாரத்தில் இயல்புக்குத் திரும்பும். ஈ.எஸ்.ஆர். இறங்கச் சில மாதம்கூட ஆகலாம். அதனால் ஒரு ரிப்போர்ட்டில் இருக்கும் எண்ணைவிட, அது எந்தத் திசையில் போகிறது என்பதே முக்கியம்.

வருடங்கள் கழித்தும் தொற்று வரலாம். காலில் ஆறாத புண், நகக்கண் சீழ், சொத்தைப் பல், சிறுநீர்த் தொற்று போன்றவற்றிலிருந்து ரத்தம் வழியாகக் கிருமி மூட்டுக்குப் போகும். வெறுங்காலோடு நடக்கும் சர்க்கரை நோயாளிகள் தினமும் பாதத்தைப் பார்ப்பது மூட்டுக்கும் பாதுகாப்பு.

108-ஐ உடனே அழைக்க வேண்டியவை

கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் வீங்கி, தொட்டால் வலித்து, சூடாக இருந்தால் ரத்தக்கட்டி இருக்கலாம். அது நுரையீரலுக்குப் போனால் திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சு வலி, மயக்கம் வரும். இது உயிர் போகும் அவசரம். இதைத் தடுக்கத்தான் ரத்தம் உறையாமல் இருக்க ஊசியோ மாத்திரையோ சில வாரங்களுக்குத் தருகிறார்கள். "நல்லாத்தானே நடக்கிறேன்" என்று அதை நிறுத்தக் கூடாது. கெண்டைக்கால் வீங்கினால் எண்ணெய் தேய்த்து நீவிவிடுவதும் கூடாது.

விழுந்த பிறகு கால் ஊன்ற முடியவில்லை என்றால் இம்ப்ளான்ட்டைச் சுற்றி எலும்பு உடைந்திருக்கலாம். இதுவும் 108.

உடனடி உயிர் ஆபத்து இல்லாத, ஆனால் மனதை வாட்டும் இரண்டு சிக்கல்கள் உண்டு. ஒன்று, பாதத்தை மேலே தூக்க முடியாமல் செருப்பு நழுவுவது. நரம்பு இழுபட்டதால் வருவது. திரும்ப மாதக்கணக்கில், சிலருக்கு ஒரு வருடத்துக்கும் மேல் ஆகலாம், சிலருக்கு முழுதாகத் திரும்பாமலும் போகலாம். அதுவரை பாதத்தைத் தாங்கும் பட்டை போட்டு நடக்கலாம். இன்னொன்று, ஒரு கால் நீளமாகிவிட்ட உணர்வு. பல பேருக்கு இது இறுகிய தசையால் வருவது; சில மாதத்தில் தானே குறையும். நிஜமாகவே நீள வித்தியாசம் இருந்தால் செருப்பில் உயரம் கூட்டிச் சரிசெய்யலாம். முதல் மாதத்திலேயே செருப்பை மாற்றிவிட அவசரப்பட வேண்டாம்.

வீட்டை எப்படி மாற்றுவது?

கணக்கு சுலபம்: உட்காரும்போது முழங்காலைவிட இடுப்பு உயரமாக இருக்க வேண்டும். கட்டில் தாழ்வாக இருந்தால் கால்களுக்கு அடியில் உறுதியான கட்டை வைத்து உயர்த்தலாம். நாற்காலிக்குக் கைப்பிடி அவசியம். கயிற்றுக் கட்டிலும் ஈசி சேரும் வேண்டாம். இந்தியன் டாய்லெட் மட்டும் இருக்கும் வீட்டில், நடுவில் ஓட்டை உள்ள கமோட் நாற்காலியை அதன் மேல் போட்டால் போதும். டாய்லெட்டை இடிக்க வேண்டியதில்லை. பக்கத்துச் சுவரில் ஒரு கைப்பிடி அடித்துவிடுங்கள்.

படுக்கும்போது இரண்டு காலுக்கும் நடுவே தலையணை. கால் மேல் கால் போடக் கூடாது. குனிந்து பொருள் எடுக்க ஒரு நீளமான குச்சியின் முனையில் கொக்கி கட்டி வைத்துக்கொண்டாலே பாதி வேலை முடியும். வழியில் கிடக்கும் பாய், மிதியடி, வயர் எல்லாம் சுருட்டி வைக்கப்பட வேண்டும். வாசல் தெளித்த ஈரம் காயும்வரை வெளியே போக வேண்டாம்.

படி ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது ஆபரேஷன் செய்த கால் முதலில். பழைய வீடுகளின் உயரமான வாசற்படிக்கும் இதே விதிதான். செக்கப்புக்குக் காஞ்சிபுரமோ சென்னையோ போக வேண்டுமானால், ஷேர் ஆட்டோவில் முழங்காலை மடக்கி இடுக்கி உட்காருவதைத் தவிர்க்கலாம். காரின் முன் சீட்டைப் பின்னால் தள்ளி, மேலே ஒரு தலையணை போட்டு, முதலில் உட்கார்ந்துவிட்டுப் பிறகு இரண்டு காலையும் சேர்த்து உள்ளே திருப்புவது பாதுகாப்பு.

எல்லோருக்கும் எல்லாக் கட்டுப்பாடும் ஒரே மாதிரி இல்லை. முன்பக்கமாகத் திறந்து செய்தவர்களுக்கும், பெரிய பந்து பொருத்தியவர்களுக்கும் சில டாக்டர்கள் கட்டுப்பாட்டைத் தளர்த்துகிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர் ஆறாவது வாரம் சம்மணம் போட்டார் என்பதற்காக நீங்களும் போட வேண்டாம். எந்தப் பக்கமாகத் திறந்தார்கள், எது எவ்வளவு நாள் கூடாது என்று டிஸ்சார்ஜ் அன்றே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

மறுபடி தறியில் உட்கார முடியுமா?

நெசவாளர் வீட்டில் வலியைவிடப் பெரிய கேள்வி இதுதான். பதில், பலருக்கு முடியும். ஆனால் பழைய மாதிரியே இல்லை.

குழித்தறியை உற்றுப் பார்த்தால் ஒன்று புரியும். குழி விளிம்பில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்ட பிறகு இடுப்பு அவ்வளவு மடங்குவதில்லை. நாற்காலியில் உட்காருவது போலத்தான். ஆபத்து இருப்பது தரை மட்டத்துக்கு இறங்குவதிலும், அங்கிருந்து எழுவதிலும். ஆகவே உட்காரும் பலகையை உயர்த்த முடியுமா, பிடித்து எழ மேலிருந்து ஒரு கயிறோ பக்கத்தில் ஒரு கம்பியோ பொருத்த முடியுமா என்று பார்க்க வேண்டும். பலகையை உயர்த்தினால் மிதி எட்டாமல் போகும். அதையும் சேர்த்து மாற்ற வேண்டியிருக்கும். முடிந்தால் தறியின் போட்டோவையோ வீடியோவையோ செல்போனில் எடுத்துப் பிசியோதெரபிஸ்ட்டிடம் காட்டுங்கள். குழித்தறியை அவர் பார்த்திருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை.

சிக்கல் ஏதும் இல்லாதவர்கள்கூட மூன்று மாதத்துக்கு முன் தறியில் இறங்குவது சரியில்லை. மறு ஆபரேஷன் செய்தவர்களுக்கு ஆறு மாதமோ அதற்கு மேலோ ஆகலாம். அதுவரை நாற்காலியில் உட்கார்ந்து, மேஜை உயரத்தில் ராட்டையை வைத்துத் தார் சுற்றுவது போன்ற வேலைகளுக்கு டாக்டரிடம் அனுமதி கேட்கலாம். முக்கால் மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து நடப்பது கட்டாயம்.

உடற்பயிற்சி செய்ததாலேயே மூட்டு தளர்ந்துவிடுமோ என்று பயப்படுபவர்கள் உண்டு. சொல்லிக்கொடுத்த அளவில் செய்யும் பயிற்சி மூட்டைத் தளர்த்தாது. தாங்கிப் பிடிப்பதே சுற்றியுள்ள தசைதான். தினமும் முட்டை, பயறு, சுண்டல், பால் என்று புரதம் சேர்ந்தால்தான் அந்தத் தசை ஏறும். 'சூடு', 'வாயு' என்று பத்தியம் பிடித்துக் கஞ்சியோடு நிறுத்துவது காயம் ஆறுவதைத் தாமதப்படுத்தும்.

காரணம் இம்ப்ளான்ட்டே என்றால்?

எல்லாம் சரியாகச் செய்தும் வலி தீரவில்லை என்றால், நோயாளியின் மேல் பழி போடுவது எளிது. ஆனால் பொருத்திய பொருளிலேயே கோளாறு இருந்து, உலகம் முழுக்க ஆயிரக்கணக்கானோர் பாதிக்கப்பட்ட வரலாறு இருக்கிறது. இந்தியாவும் அதில் உண்டு.

ஜான்சன் அண்ட் ஜான்சனின் டெபுய் நிறுவனம் தயாரித்த 'ஏ.எஸ்.ஆர்.' இடுப்பு மூட்டில் பந்தும் கிண்ணமும் இரண்டுமே உலோகம். ஒன்றோடு ஒன்று உரசி கோபால்ட், குரோமியம் துகள்கள் உதிர்ந்தன. அவை சுற்றியுள்ள தசையையும் எலும்பையும் அரித்தன. சிலருக்கு ரத்தத்தில் கலந்து உடம்பின் மற்ற பகுதிகளையும் பாதித்தன. ஐந்து ஆண்டுகளுக்குள் சுமார் 12 முதல் 13 சதவீதம் பேருக்கு மறு ஆபரேஷன் தேவைப்பட்டது என்பதை பிரிட்டனின் மூட்டு மாற்றுப் பதிவேடு காட்டியது. 2010 ஆகஸ்டில் நிறுவனம் உலகம் முழுவதும் அதைத் திரும்பப் பெற்றது. அதற்குள் சுமார் 93,000 பேருக்குப் பொருத்தியாகிவிட்டது.

இந்தியாவில் சுமார் 4,700 அறுவை சிகிச்சைகள். மத்திய சுகாதார அமைச்சகம் 2017-ல் டாக்டர் அருண் குமார் அகர்வால் தலைமையில் குழு அமைத்தது. 2018-ல் வந்த அந்தக் குழுவின் அறிக்கையில் அதிர்ச்சியான விஷயம் ஒன்று இருந்தது: இவர்களில் சுமார் 3,600 பேர் எங்கே இருக்கிறார்கள் என்றே தெரியவில்லை. உடம்புக்குள் திரும்பப் பெறப்பட்ட மூட்டு; அது தனக்குத் தெரியுமா, தெரியாதா என்பதும் தெரியாது.

பாதிக்கப்பட்டவர்களுக்குக் குறைந்தது ரூ.20 லட்சம் தரலாம் என்றது குழு. பிறகு டாக்டர் ஆர்.கே. ஆர்யா தலைமையிலான நிபுணர் குழு வகுத்த முறைப்படி, வயதையும் ஊனத்தின் அளவையும் பொறுத்து ரூ.30 லட்சத்திலிருந்து சுமார் ரூ.1.23 கோடி வரை என்று கணக்கிடப்பட்டது. அதை எதிர்த்து நிறுவனம் நீதிமன்றம் போனது. 2019-ல் டெல்லி உயர் நீதிமன்றத்தில், மறு ஆபரேஷன் செய்தவர்களில் சரிபார்க்கப்பட்டவர்களுக்கு ரூ.25 லட்சம் தர முன்வந்தது. அமெரிக்காவில் இதே விவகாரத்துக்கு 2013-லேயே சுமார் 250 கோடி டாலர் சமரசத் தொகை ஒப்புக்கொள்ளப்பட்டிருந்தது.

இங்கே இழப்பீடு கேட்க ஒருவர் முதலில் நிரூபிக்க வேண்டியது, தன் உடம்பில் இருப்பது அந்த மூட்டுதான் என்பதை. அதற்குச் சாட்சி ஆஸ்பத்திரி பைலில் ஒட்டியிருக்கும் ஒரு சின்ன ஸ்டிக்கர்.

எந்தக் காகிதத்தைப் பத்திரப்படுத்த வேண்டும்?

ஒவ்வொரு இம்ப்ளான்ட்டோடும் நிறுவனத்தின் பெயர், மாடல், அளவு, தயாரிப்புத் தொகுதி எண் அச்சிட்ட ஸ்டிக்கர்கள் வரும். ஒன்று ஆஸ்பத்திரி பதிவில் ஒட்டப்படும். இன்னொன்றை டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒட்டித் தரச் சொல்லிக் கேளுங்கள். ஆபரேஷன் குறிப்பின் நகல், ஒரிஜினல் பில், முதல் எக்ஸ்ரே ஆகியவையும் வேண்டும். எல்லாவற்றையும் போட்டோ எடுத்துப் பிள்ளைகளின் போனிலும் அனுப்பி வையுங்கள். ஆஸ்பத்திரிகள் பதிவுகளைக் காலம் முழுக்க வைத்திருப்பதில்லை. விதிப்படி டாக்டர் மூன்று ஆண்டு வைத்திருந்தால் போதும். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் நகல் தர வேண்டும் என்றும் அதே விதி சொல்கிறது.

மறு ஆபரேஷனில் எடுத்த பழைய மூட்டு என்ன ஆகும் என்று பலர் கேட்பதே இல்லை. சந்தேகம் இருந்தால் அதைத் தூக்கிப் போட வேண்டாம் என்று ஆபரேஷனுக்கு முன்பே எழுத்தில் கேட்டுவிடுவது நல்லது.

மருத்துவக் கருவிகளால் வரும் பாதிப்பைப் பதிவு செய்ய 2015-ல் தொடங்கிய ஒரு தேசியத் திட்டம் இருக்கிறது. காஜியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் ஆணையம் நடத்துகிறது. நோயாளியே 1800 180 3024 என்ற எண்ணில் புகார் சொல்லலாம். இழப்பீடு கேட்பது வேறு வழி: மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் பாதிப்பு ஏற்பட்ட இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். சிக்கல் வந்தாலே டாக்டர் தப்பு செய்தார் என்று அர்த்தம் இல்லை. தொற்றும் நழுவலும் மிகக் கவனமாகச் செய்த ஆபரேஷனிலும் வரலாம். வேறொரு எலும்பு மருத்துவரிடம் இரண்டாவது கருத்து கேட்ட பிறகு அடுத்த முடிவுக்கு வரலாம்.

செலவுக்கும் கவனிப்புக்கும் என்ன வழி?

ஆண்டு வருமானம் ரூ.1.20 லட்சத்துக்குள் இருக்கும் குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை. மறு ஆபரேஷன், ஸ்பேசர், ஆன்டிபயாடிக் செலவில் எது எவ்வளவு அடங்கும் என்பதை அட்மிட் ஆவதற்கு முன்பே 1800 425 3993-ல் கேட்டுக்கொள்வது நல்லது. வீட்டுக்கு வந்த பிறகு, 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தருகிறார்கள். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுக்க வேண்டும். பெயர் கொடுக்காததாலேயே கிடைக்காமல் போகிறவர்கள் உண்டு.

மாதக்கணக்கில் படுத்துக் கிடப்பவருக்கு மனசும் சோர்ந்துபோகும். தூக்கம் வராது, சாப்பாடு பிடிக்காது, "எல்லாருக்கும் பாரமாயிட்டேன்" என்ற பேச்சு வரும். அதைப் புலம்பல் என்று தள்ளிவிட வேண்டாம். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. இரவும் பகலும் தூக்கி உட்கார வைத்து, குளிப்பாட்டி, மருந்து கொடுக்கும் மனைவியோ மருமகளோ மகளோ அதே எண்ணில் தனக்காகவும் பேசலாம். கணவன் மனைவி உறவை எப்போது தொடரலாம் என்று கேட்கக் கூச்சப்பட்டு, கேட்காமலேயே இருந்துவிடும் தம்பதிகளும் உண்டு. பெரும்பாலும் ஆறு வாரம் முதல் மூன்று மாதத்துக்குள் முடியும். எந்த நிலை பாதுகாப்பு என்பதை டாக்டரிடமோ பிசியோதெரபிஸ்ட்டிடமோ தயங்காமல் கேட்கலாம்.

எத்தனை வருடம் ஆனாலும் செக்கப்பை விட்டுவிடக் கூடாது. உட்கார்ந்து எழுந்து முதல் நாலு அடி வைக்கும்போது மட்டும் தொடையிலோ கவட்டையிலோ வலித்து, நடக்க நடக்கக் குறைந்தால், மூட்டு எலும்பிலிருந்து தளர ஆரம்பித்திருக்கலாம். அப்போது புது எக்ஸ்ரேயைப் பழைய எக்ஸ்ரேயின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். பழையதைக் கையோடு எடுத்துப் போங்கள்.